வெள்ளி விமானத்திற்கு எந்த வர்ணம்?

மாதிரி விமானம் கட்டும் பொழுதுபோக்கு பொறுமையை வளர்ப்பது. கைக்குத் திறமையையும் கண்ணுக்குக் கூர்மையையும் கொடுப்பது. ஆயினும் இக்கலையில் ஈடுபட்டோர் யாவரும் என்றோ ஒரு நாள் ஒரு சங்கடத்திற்கு உள்ளாகின்றனர். பல கிழமைகள் முயன்று, துண்டு துண்டாக ஒட்டி, மூட்டுகளை அரத்தாளால் தேய்த்து, ஈற்றில் உலோகப் பூச்சும் பூசியாயிற்று. மேசைமீது விமானம் வெள்ளிபோல் ஒளிர்கின்றது. அந்த அளவோடு நிறுத்திவிட்டால் அது தகரத்தில் அடித்த விளையாட்டுச் சாமான்போல வெறிச்சென்று தோன்றுகின்றது. கைக்கு எட்டிய நிறங்களையெல்லாம் பூசிவிட்டாலோ தேர்த்திருவிழாக் கடையில் தொங்கும் பொம்மைபோல ஆகிவிடுகின்றது. எந்த நிறம், எவ்விடத்தில், எவ்வளவு என்ற வினா அப்பொழுதுதான் எழுகின்றது.

உண்மையில் இவ்வினா பூச்சு வேலை தொடங்குமுன்னரே கேட்கப்பட வேண்டியதாகும். பச்சையும் மண்ணிறமும் பூசிய விமானத்தில் ஓரிடம் தவறினால் அதன்மேல் மீண்டும் பூசி மறைத்துவிடலாம். உலோகப் பூச்சின் இயல்பு அவ்வாறன்று. அதன்மேல் வைத்த நிறத்தைச் சுரண்டினால் அடியிலுள்ள மினுக்கமும் கூடவே போய்விடும். மறுபடி பூசிய இடமோ பழைய பூச்சோடு ஒட்டாது தனித்துத் தெரியும். ஒரு மாத உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் வீணாவது இவ்வாறுதான்.

ஆதலின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழி வேண்டும். நாம் இங்கு கூறவிரும்பும் வழி மிக எளியது. உலோக மேனியுடன் பறந்த விமானங்களிற் காணப்பட்ட நிறங்களிற் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொழிலைச் செய்யவே அங்கு வந்து சேர்ந்தன. அத்தொழில் யாதென்று முதலில் அறிந்துகொண்டால், நிறம் எது, இடம் எது, அளவு எது என்பன தாமாகவே விளங்கும்.

உலோக மேனி வந்த கதை

தூய அலுமினியம் பாரம் குறைந்தது, ஆனால் மெல்லியது. விமானம் கட்டுதற்கு வேண்டிய உறுதி அதற்கில்லை. ஜெர்மனியில் அல்பிரட் வில்ம் என்னும் உலோகவியலாளர், அலுமினியத்துடன் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து சூடாக்கி, விரைவாகக் குளிரச் செய்து ஆராய்ந்து வந்தார். அவ்வாறு செய்த துண்டுகள் சில நாட்கள் சும்மா கிடந்த பின்னர் முன்னிலும் கடினமாகியிருந்ததை 1906ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். இவ்வாறு பிறந்த கலப்புலோகமே துராலுமின் ஆகும்.

எனினும் செம்பு சேர்ந்தமையால் அதனை அரிப்பு எளிதிற் பற்றியது. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்கர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டனர். உறுதியான கலப்புலோகத் தகட்டின் இரு புறத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய படையாக வைத்து அழுத்தி உருட்டினர். உள்ளே வலிமை, வெளியே அரிப்பைத் தடுக்கும் போர்வை. அல்கிளாட் எனப் பெயர் பெற்ற இத்தகட்டால் மூடப்பட்ட விமானத்திற்கு அரிப்பிலிருந்து காக்கும் வர்ணம் அத்துணை அவசியமில்லாது போயிற்று. நாம் படங்களிற் கண்டு வியக்கும் வெள்ளி ஒளி பெரும்பாலும் அத்தூய அலுமினியப் படையின் ஒளியேயாகும்.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டி.சி.-3 விமானம் இந்த உலோக மேனியை உலகெங்கும் பழக்கப்படுத்தியது. டக்கோட்டா என்ற பெயரால் நம்மவர் அறிந்ததும் இதுவே. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயர் சிலோன் சேவை தொடங்கியபோது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததும் இவ்வினத்து விமானமே.

இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டதும் இந்த ஒளி மறைக்கப்பட்டது. பகைவர் கண்ணிற் படாதிருக்கவென விமானங்களுக்கு மங்கிய பச்சையும் சாம்பலும் பூசினர். ஆனால் 1943ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்க இராணுவ விமானப்படையினர் இவ்வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்தனர். வானத்தில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. ஒளிந்து பறக்கவேண்டிய தேவை குறைந்திருந்தது. வர்ணத்தைத் தவிர்த்தால் அதன் பாரம் மிச்சம். தொழிற்சாலையில் நேரமும் செலவும் மிச்சம். ஆகவே 1944ஆம் ஆண்டில் ஐரோப்பிய வானத்தில் வெள்ளி விமானங்கள் மிகுந்தன. மாதிரி கட்டுவோர் இன்றும் விரும்பித் தேடும் பி-51டி மஸ்டாங் அவற்றுள் ஒன்று. இனி அதனையே நமக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

உலோகம் ஒரே நிறமன்று

நிறத்தைப் பற்றிப் பேசுமுன் உலோகத்தைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். உண்மையான விமானத்தின் மேனி ஒரே சீரான வெள்ளியன்று. ஒரு தகடு வெளிறியும், அடுத்தது சற்றுக் கருமை கலந்தும், வேறொன்று மங்கியும் காணப்படும். தகடுகளின் கலப்பு வேறு. அவை உருட்டப்பட்ட திசை வேறு. வெயில் படும் கோணமும் வேறு. இயந்திரத்தின் புகைபோக்கிகளை அடுத்த பகுதி வெப்பத்தாலும் புகையாலும் பழுப்பேறியிருக்கும்.

மஸ்டாங் விமானத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. அதன் இறக்கைமீது காற்று குழப்பமின்றி வழுக்கிச் செல்லவேண்டுமென்று கருதி, தகடுகளின் இணைப்புகளையும் ஆணித்தலைகளையும் ஒருவகை மக்கினால் அடைத்து, தேய்த்து, அதன்மேல் வெள்ளி வர்ணம் பூசினர். ஆகவே உடற்பகுதி வெறும் உலோகமாக மின்ன, இறக்கை பூசிய வெள்ளியாகச் சற்று மங்கித் தோன்றும். அதன் சுக்கானோ துணியாற் போர்த்தப்பட்டது. அங்கும் பூசிய வெள்ளியே. இறக்கையிலும் சுக்கானிலும் கண்ணாடிபோற் பளபளக்கும் தாளை ஒட்டுபவர், யுத்தகாலத்து மஸ்டாங் ஒன்றைச் செய்தவராகமாட்டார்.

இன்று அரும்பொருட்காட்சிச் சாலைகளிலும் விமானக் காட்சிகளிலும் உள்ள பழைய மஸ்டாங்குகள் பல முகம் பார்க்கும் கண்ணாடிபோல மெருகேற்றப்பட்டவை. அப்புகைப்படங்களைக் கண்டு மயங்காது, யுத்தகாலத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தல் நன்று.

வெள்ளியில் இவ்வாறு இரண்டு மூன்று சாயல்கள் அமைந்துவிட்டாலே விமானத்தின் வெறுமை பாதி நீங்கிவிடும். நிறங்களை அதிகமாகத் தேடி ஓடவேண்டிய அவசியமும் குறையும். உலோக விமானத்தில் முதல் நிறம் உலோகமே என்பதை மறத்தலாகாது.

தொழில் செய்யும் நிறங்கள்

மஸ்டாங்கின் மூக்கின் மேற்புறத்தில், விமானியின் கண்ணாடி மறைப்புக்கு முன்னால், மங்கிய பச்சைப் பட்டையொன்று காணப்படும். இதனை அழகுக்கென வைத்த கோடென்று எண்ணி வேறு நிறத்தில் மினுங்கப் பூசுவோர் உளர். அது விமானியின் கண்ணைக் காக்க வந்தது. நீண்ட உலோக மூக்கின்மீது வெயில் பட்டுத் தெறித்தால் விமானியால் முன்னே பார்க்க முடியாது. ஆகவே அவ்விடத்தை ஒளி தெறிக்காத நிறத்தால் மூடினர். இதன் தொழிலை அறிந்தவர் அதனை எக்காலத்தும் மினுங்கவிடார். முற்றும் மங்கலாகவே விடுவர்.

அடுத்து, இறக்கையிலும் உடலிலும் உள்ள நட்சத்திரம். அமெரிக்க விமானங்களின் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவே முன்னர் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. யப்பானியரின் அடையாளமும் சிவப்பு வட்டமாதலால், வானத்தில் அரைக் கணத்தில் முடிவு செய்யவேண்டிய துப்பாக்கிக்காரர் தம்மவரையே சுட்டுவிடக்கூடும் என்று அஞ்சி, 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சிவப்பை நீக்கினர். 1943ஆம் ஆண்டு ஜூனில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகளைச் சேர்த்து, சுற்றிலும் சிவப்பு விளிம்பு வைத்தனர். சில மாதங்களுக்குள் அந்தச் சிவப்பும் நீல விளிம்பாக மாற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டு ஜனவரியில், யுத்தம் ஓய்ந்த பின்னரே, வெள்ளைப் பட்டைகளின் நடுவே சிவப்புக் கோடு வந்தது. எனவே 1944ஆம் ஆண்டின் மஸ்டாங்கில் அச்சிவப்புக் கோட்டை ஒட்டினால் முழு மாதிரியும் பொய் சொல்லும். 1950ஆம் ஆண்டில் கொரியாவில் பறந்த மஸ்டாங்கில் அதனை விட்டாலும் அவ்வாறே. ஒரு மெல்லிய கோடு ஓர் ஆண்டைக் கூறுகின்றது.

கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் கதையும் இத்தகையதே. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி நேசநாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. கடலிலும் கரையிலும் உள்ள தம்மவர் தம் விமானங்களைச் சுட்டுவிடாதிருக்க, மூன்று வெள்ளையும் இரண்டு கறுப்புமாக ஐந்து பட்டைகளை இறக்கைகளிலும் உடலைச் சுற்றியும் பூசும்படி கட்டளை பிறந்தது. இரகசியம் வெளிப்படலாகாதென்பதால் கடைசி நாட்களிலேயே அவ்வேலை நடந்தது. கையிற் கிடைத்த தூரிகைகளால் இரவு பகலாகப் பூசினர். ஒற்றை இயந்திர விமானங்களில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் அது சரியாகக் கால் அங்குலம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு மாதிரியில் எட்டில் மூன்று அங்குலம். கணக்குப் பாடத்தில் விருப்பமற்ற மாணவரும் இக்கணக்கை விருப்பத்தோடு செய்வர் என நம்புகின்றோம்.

அப்பட்டைகளின் ஓரம் பல விமானங்களில் நேராக இருந்ததில்லை. அவசரம் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. ஜூன் 6ஆந் திகதிய விமானத்தைச் செய்பவர் சிறு கோணலைக் குறையெனக் கருதவேண்டியதில்லை. அதன்பின் சிறிது காலத்தில் மேற்புறத்துப் பட்டைகள் நீக்கப்பட்டுக் கீழ்ப்புறத்தில் மாத்திரம் எஞ்சின. அவ்வாண்டு முடிவில் அவையும் மறைந்தன. ஆகையால் இப்பட்டைகளைப் பூசுமுன் நம் விமானம் எந்த மாதத்திற்குரியது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி மூக்கின் நிறம். இங்கிலாந்தில் டெப்டன் தளத்திலிருந்த 4ஆவது போர் விமானக் குழுவின் மூக்குகள் சிவப்பு. பொட்னி தளத்து 352ஆவது குழுவினவை நீலம். டக்ஸ்போர்ட் தளத்து 78ஆவது குழுவினவை கறுப்பும் வெள்ளையுமான சதுரக் கட்டங்கள். உயரத்தில், புகையும் குழப்பமும் நிறைந்த வேளையில், தன் கூட்டம் எங்கே என்று ஒரு விமானி தேடும்போது கண்ணுக்கு உடனே தெரியவேண்டியவை இவை. அதனாலேயே அவை அழுத்தமான நிறங்களாக, பெரிய பரப்பாக, மூக்கிலும் வாலிலும் அமைந்தன.

செவ்வாற் படை

நிறம் ஒன்று எவ்வளவு பாரத்தைச் சுமக்கக்கூடும் என்பதற்கு 332ஆவது போர் விமானக் குழுவின் சிவப்பு வால் சான்றாகும். அமெரிக்க இராணுவத்தில் அக்காலத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். கறுப்பினத்தவரால் போர் விமானத்தைச் செலுத்த இயலாதென்று வாதித்தோரும் இருந்தனர். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில் அவர்களுக்கெனத் தனியாகப் பயிற்சி நடந்தது. முதல் வகுப்பினர் 1942ஆம் ஆண்டு மார்ச்சில் விமானிகளாக வெளிவந்தனர். அவர்களுள் ஒருவரான பெஞ்சமின் டேவிஸ் பின்னர் அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

1944ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இத்தாலியிலிருந்து அவர்கள் மஸ்டாங் விமானங்களைச் செலுத்தத் தொடங்கினர். வால் முழுவதும் சிவப்பு. சுழல்விசிறியின் கூம்பு முனையும் சிவப்பு. இறக்கைகளில் மஞ்சட் பட்டை. பெரிய குண்டுவீச்சு விமானங்களைக் காத்துச் செல்வதே அவர்களின் பணி. அவ்விமானங்களில் இருந்தோர் தம் அருகே சிவப்பு வால்களைக் கண்டபோது, காவலுக்கு வந்தோர் யாவர் என்பதை நிறமே கூறிற்று. தாய்நாட்டில் ஒரே உணவுச்சாலையில் அமர இடங்கொடுக்கப்படாதவர் அந்த நிறத்தின் கீழிருந்து பிறர் உயிரைக் காத்தனர். 1948ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி ஜனாதிபதி ட்றூமன் படைகளில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் கட்டளையிற் கையொப்பமிட்டார். 2007ஆம் ஆண்டில் அவ்விமானிகளுக்கு அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

இக்கதையை அறிந்த சிறுவன் ஒருவன் அவ்வாலைப் பூசும்போது, வெள்ளிக்குச் சிவப்பு எடுப்பாயிருக்கும் என்பதற்காக மாத்திரம் பூசமாட்டான். இன்னொரு குழுவின் நீல மூக்கையும் அதனோடு கலந்து வைக்கவும் மாட்டான். அழகுக்கென்று இரண்டு குழுக்களின் நிறங்களைக் கலப்பது, இரண்டு மனிதரின் வரலாற்றைக் கலந்து ஒருவருக்குரியதென எழுதுவது போன்றதாகும்.

பயணிகள் விமானத்தின் பாடம்

சொந்தக் கற்பனையில் ஒரு வர்ணத்திட்டம் அமைக்க விரும்புவோரும் இருக்கின்றனர். அதிற் பிழையில்லை. அவர்களுக்குப் போர் விமானத்தைவிடப் பயணிகள் விமானமே சிறந்த ஆசிரியன்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கெனடிக்கெனப் புதிய போயிங் விமானம் ஒன்று தயாரானது. விமானப்படையினர் அதற்கென வகுத்த சிவப்பும் பொன்னிறமுமான திட்டம் ஜனாதிபதிக்குப் பிடிக்கவில்லை. றேமண்ட் லோவி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. லோவி காட்டிய மாதிரிகளுள் கெனடி நீலத்தைத் தேர்ந்தார். ஜனாதிபதியின் அறையிலே தரையில் அமர்ந்து வர்ணக் கடதாசிகளை வெட்டி வைத்துப் பார்த்ததாக லோவி பின்னர் கூறினார். மூக்கிலும் பக்கத்திலும் நீலம், மேலே வெள்ளை, அடிப்புறத்தில் மெருகேற்றிய வெறும் உலோகம். இரண்டு நீலச் சாயல்களும் வெள்ளையும் உலோகமும் தவிர அங்கு வேறொன்றும் பெரிதாக இல்லை. அவ்விமானம் இப்பொழுது ஓகையோ மாநிலத்து டேற்றன் நகரில் உள்ள விமானப்படை அரும்பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது.

அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் திட்டம் இன்னும் சிக்கனமானது. 1967ஆம் ஆண்டில் மசிமோ விஞ்ஞெல்லி என்பவர் அமைத்த அடையாளத்தோடு, மெருகேற்றிய உலோக உடலில் சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் மாத்திரம் யன்னல் வரிசையைத் தழுவி நீண்டு சென்றன. 2013ஆம் ஆண்டுவரை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, அத்திட்டம் நிலைத்தது. காபன் நார்கொண்டு செய்யப்படும் புதிய விமானங்களில் மெருகேற்ற உலோகமே இல்லாமையால் பின்னர் அதனைக் கைவிட நேர்ந்தது.

இவ்விரண்டும் நமக்குக் கற்பிப்பவை மூன்று. ஒன்று, உலோகத்திற்கு நல்ல பங்கு விட்டுவைத்தல். இரண்டு, ஒரு நிறத்தைத் தலைவனாகவும் மற்றதைத் துணையாகவும் வைத்தல். இரண்டு தலைவர்கள் ஆகாது. மூன்று, கோடுகள் விமானத்தின் வடிவத்தோடு ஓடுதல். மூக்கிலிருந்து வால்நோக்கி ஓடும் கோடு விமானத்தை நீளமாகவும் வேகமாகவும் காட்டும். குறுக்கே சுற்றிய பட்டை அதனைக் குட்டையாகக் காட்டும்.

வெள்ளியருகே எந்நிறமும் ஒரே விதமாகத் தோன்றாது. அடர்ந்த சிவப்பு, கருநீலம், கறுப்பு, மஞ்சள் ஆகியன தெளிந்து நிற்கும். வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம் ஆகியன உலோகத்தின் ஒளியிற் கரைந்து விடும். வெள்ளையை வைத்தே தீரவேண்டுமாயின் அதன் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்றை ஓடவிடலாம்.

பறக்கும் மாதிரியாயின்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரிக்குச் சொன்னவை யாவும் வானில் உண்மையாகவே பறக்கவிடும் மாதிரிக்குப் போதா. அங்கு நிறத்திற்கு இன்னொரு தொழில் வந்து சேர்கின்றது. வெள்ளி மேனி வானத்தின் நிறத்தையே தன்மேல் வாங்கிக் காட்டும். மேகம் மூடிய நாளில் நூறு யார் தூரம் சென்றதும் மாதிரி எங்கே, அது நம்மை நோக்கி வருகின்றதா அப்பாற் செல்கின்றதா, மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்பன தெரியாது போகும். தெரியாத விமானத்தைத் திருப்ப முயல்பவன் அதனை நிலத்தில் மோதுவான். அங்கு மனிதர் நின்றால் விளைவு விபரீதமாகும்.

ஆகவே பறக்கும் மாதிரிக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒன்றையொன்று ஒவ்வாத நிறங்கள் வேண்டும். மேலே இறக்கை நுனிகளும் வாலும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். கீழே அகன்ற கறுப்புப் பட்டைகள் நன்கு தெரியும். நோர்மண்டிப் பட்டைகள் நிலத்தில் நிற்போர் பார்ப்பதற்கென்றே தோன்றியவையாதலால், மாதிரியைச் செலுத்துவோனுக்கும் அதே உதவியைச் செய்கின்றன. நுண்ணிய கோடுகள் வானிற் பயன்படா. பெரிய பரப்புகளே பயன்படும்.

பாரத்தையும் எண்ணவேண்டும். விமானத்தின் பாரம் சமநிலை பெறும் இடத்திலிருந்து வால் வெகுதூரத்தில் உள்ளது, மூக்கோ அண்மையில். வாலிற் சிறிது வர்ணம் கூடினால் அதனைச் சரிக்கட்ட மூக்கில் அதைவிடக் கூடுதலான ஈயம் வைக்க நேரும். ஆதலின் வாலுக்கு மெல்லிய பூச்சே உகந்தது.

முடிவெடுக்கும் முறை

வர்ணக் குப்பியைத் திறக்குமுன் ஒரு கடதாசியை எடுத்து விமானத்தின் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் கோடாக வரைதல் வேண்டும். அதனைப் பல பிரதிகள் எடுத்து, வர்ணப் பென்சிலால் மூன்று நான்கு விதமாக நிறந்தீட்டிப் பார்க்கலாம். பின்னர் அவற்றைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று நோக்கவேண்டும். கையில் இருக்கும்போது அழகாயிருந்த பல கோடுகள் அத்தூரத்தில் மறைந்துபோவதைக் காணலாம். இரண்டு நாள் கழித்தும் கண்ணுக்கு இனிதாயிருப்பது எதுவோ அதனையே தேர்வது நலம்.

தேர்ந்த பின்னரும் ஒவ்வொரு நிறத்தையும் சுட்டி, “இது இங்கே ஏன்?” என்று கேட்டல் வேண்டும். “விமானியின் கண் கூசாதிருக்க” என்பது விடை. “இக்குழுவுக்குரியது” என்பதும் விடை. “நான் தூரத்திலிருந்து காண்பதற்கு” என்பதும் விடை. “வடிவத்தின் நீளத்தை எடுத்துக்காட்ட” என்பதும் ஏற்கத்தக்க விடையே. “குப்பியில் மிச்சமிருந்தது” என்பது விடையாகாது.

பூசும் வரிசை

தெளிக்கும் உலோகப் பூச்சாயின் நிறங்களை முதலிற் பூசி, நன்கு உலர்ந்தபின் அவற்றை ஒட்டுநாடாவால் மூடி, ஈற்றில் உலோகப் பூச்சைத் தெளிப்பது பாதுகாப்பானது. உலோகப் பூச்சின்மேல் நாடாவை ஒட்டி உரித்தால் பூச்சும் சேர்ந்து வருதல் உண்டு. முன்னரே வெள்ளி பூசிவிட்டோர், பசை குறைந்த நாடாவைக் கொண்டு மெதுவாக வேலை செய்தல் வேண்டும். அல்லது நீரில் நனைத்து ஒட்டும் படங்களையும் பட்டைகளையும் பயன்படுத்தலாம்.

சிவப்பையும் மஞ்சளையும் வெள்ளை அடிப்பூச்சின்மேல் இடவேண்டும். வெள்ளிமேல் நேரே பூசிய சிவப்பு இருண்டுபோகும். கறுப்பின்மேல் பூசிய மஞ்சள் பச்சை தட்டும். கண்ணாடிபோற் பளபளக்கவேண்டிய உலோகப் பூச்சு வகைகளுக்கோ வழுவழுப்பான கறுப்பு அடிப்பூச்சே உகந்தது. அடியிற் சிறு கீறல் இருந்தாலும் உலோகப் பூச்சு அதனைப் பெரிதாக்கிக் காட்டுமாதலால், தேய்த்து மெருகிடும் வேலையில் சோம்பல் ஆகாது.

பூச்சுக்குப் பதிலாகச் சமையலறையிற் பயன்படும் மெல்லிய அலுமினியத் தாளைப் பசை தடவி ஒட்டுவோரும் உளர். தகட்டுக்குத் தகடு தாளின் திசையை மாற்றி ஒட்டினால், மேலே நாம் கூறிய சாயல் வேறுபாடு செலவின்றிக் கிடைக்கும். நிறம் வரவேண்டிய இடத்தில் தாளை ஒட்டாது விடுவது நன்று. தாளின்மேல் வர்ணம் நன்றாகப் பற்றாது.

எதனையும் முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் கரண்டியிற் பூசிப் பார்க்கவேண்டும். கரண்டியின் வளைவு விமான உடலின் வளைவை ஒத்தது. மேலே வார்னிஷ் இடுவதாயின் அதனையும் கரண்டியிலேயே சோதிக்கலாம். சில வார்னிஷ் வகைகள் உலோக ஒளியை மங்கச் செய்துவிடும். இத்தகைய பூச்சுகளின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது, நெஞ்சுக்கும் தீங்கானது. யன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், முகத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்யவேண்டும். சிறுவர் பூசும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் அவசியம்.

அருகிலிருக்கும் பெரியவருக்கு விமானங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலிருக்கலாம். அதனாற் குறைவில்லை. “தம்பி, இந்தச் சிவப்பு இங்கே ஏன்?” என்று அவர் கேட்டால் போதும். அதற்கு விடை தேடப் புறப்படும் பிள்ளை உலோகவியலையும் வரலாற்றையும் கணக்கையும் தானாகவே தேடிப் படிப்பான். விடை கிடைத்த நிறத்தை அவன் பூசட்டும்; விடை கிடைக்காத இடத்தில் உலோகத்தை அப்படியே ஒளிரவிடட்டும்.